எண்பது வயதில் கேன் தூக்குவது யார்?

1863 மே 30. கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நாட்கள். மதராஸுக்குத் தெற்கே பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டித் தோண்டியிருந்த சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கல் தானாக உடைந்ததல்ல, யாரோ இரண்டு பக்கமும் தட்டித் தட்டிக் கூராக்கியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட கைக்கோடரி அதுதான். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் அகப்பட்டன. அங்குள்ள மிகப் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள்.

அந்தக் கோடரியைச் செய்தவர் உடற்பயிற்சி செய்திருக்க மாட்டார். கல் தேடி நடந்தார், சுமந்து வந்தார், குந்தி உட்கார்ந்து செதுக்கினார், இரையைத் துரத்தினார், கிழங்கு தோண்டினார். வேலை முடிந்ததும் நிழல் பார்த்துப் படுத்திருப்பார். படுக்காமல் வெறுமனே ஓடிக் களைத்திருந்தால் அடுத்த வேளைக்கான சக்தியை வீணடித்த முட்டாளாகியிருப்பார். ஹார்வர்டின் பரிணாம உயிரியலாளர் டேனியல் லீபர்மன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: தேவை வந்தால் உழைக்கவும், தேவையில்லாதபோது சும்மா இருக்கவும் நம் உடம்பு பழகியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இழுப்பது சோம்பேறித்தனம் அல்ல, பரம்பரைச் சொத்து.

சொத்தோடு வில்லங்கமும் வந்திருக்கிறது. கோடரி செய்தவரை எழுப்பப் பசி இருந்தது. இன்றைய பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ, நான்காம் மாடிக்குப் போக லிஃப்ட், காய்கறி வாங்கக் கைபேசி. உடம்பை வேலை வாங்க வெளியில் எதுவும் இல்லாததால் உள்ளிருந்து ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரணம் மங்கலாக இருந்தால் உடம்பு அதை மதிப்பதில்லை. "ஃபிட்டா இருக்கணும்" என்பது மங்கலான காரணம். ஜனவரியில் ஜிம்முக்குக் கட்டிய ஆண்டுச் சந்தா மார்ச்சில் வீணாவதற்கு மன உறுதியைக் குறை சொல்வதை விட இதைக் குறை சொல்லலாம்.

இதே பல்லாவரத்தில் நீண்ட ஆயுளைப் பற்றித் தீவிரமாக யோசித்த ஒருவர் இருந்தார். மறைமலையடிகள். 1911இல் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டு இங்கே வந்து குடியேறியவர். தனித்தமிழ் இயக்கத்துக்காக நினைக்கப்படுபவர், மனிதர் நூறாண்டு உயிர் வாழ்வது எப்படி என்பதற்கே ஒரு பெரிய நூலும் எழுதியிருக்கிறார். 1950இல் 74 வயதில் மறைந்தார். அன்று இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டை ஒட்டித்தான் இருந்தது. இன்று எழுபது. அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் மீதி இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் எதையெல்லாம் தன் கையால் செய்துகொள்ள விரும்புகிறோம் என்று நாற்பதிலேயே ஒரு பட்டியல் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிப் பயிற்சியை அமைப்பதே சரியான வழி என்பது என் கட்சி. உடம்பு இயங்கும் விதமும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது.

முதலில் நடைப்பயிற்சி. சர்க்கரை என்று தெரிந்ததும் தாம்பரம் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் பதில், "வாக்கிங் ஆரம்பிச்சிருக்கேன்." நல்ல பதில்தான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, தினமும் அரை மணி நேர நடை போன்ற உழைப்பையும் சேர்த்துக்கொண்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். காரணம் தசைக்குள் இருக்கிறது. தசை சுருங்கும்போது ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் உயிரணுவின் ஓரத்துக்கு நகர்ந்து வருகின்றன. இதற்கு இன்சுலின் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இன்சுலினுக்குச் செவி சாய்க்காத தசைகூட நடக்கும்போது சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. இந்த ஊரில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருக்கோடி வரை ஒரு நடை எவ்வளவு மலிவான மருந்து என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பே ஒரு பேருந்தில்தான் முதலில் தெளிவாகப் பிடிபட்டது. லண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரி மாரிஸ் ஒப்பிட்டார். முடிவு வெளியானது 1953இல். ஒரே வண்டி, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு படிக்கு மேல் ஏறி இறங்கினார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. மாரிஸ் தன் ஆய்வை நம்பி உடற்பயிற்சியை விடாமல் செய்து 99 வயது வரை இருந்தார்.

ஆனால் நடைக்கு ஓர் எல்லை உண்டு. பூங்காவில் வட்டமடிப்பவர்கள் பலருக்கு இது தெரியாது.

ஒரு தசையில் ஆயிரக்கணக்கான நார்கள். முதுகுத்தண்டில் இருக்கும் ஒவ்வொரு நரம்பணுவும் அவற்றில் ஒரு கூட்டத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. வேலை வரும்போது மூளை எல்லாக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதில்லை. முதலில் சிறியவை, மெதுவானவை, களைக்காதவை. அவற்றால் முடியாதபோது அடுத்தவை. மிகப் பெரியவையும் வேகமானவையும் கடைசியில்தான் வரும், அதுவும் சுமை கனமாக இருந்தால் அல்லது அவசரம் வந்தால் மட்டும். எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க உடலியலாளர் கண்டறிந்த விதி இது. பேசிக்கொண்டே நடக்கிற நடையில் அந்தப் பெரிய கூட்டங்களுக்கு அழைப்பே போகாது. பத்து வருடம் நடந்தாலும் அவை உள்ளே சும்மா கிடக்கும்.

அவை எதற்கு? பல்லாவரம் ரயில் நிலையப் படியில் செருப்பு நுனி தட்டி ஒருவர் முன்னால் சாய்கிறார். கால் நொடிக்குள் அடுத்த காலை முன்னே வீசி உடல் எடை முழுவதையும் அதில் தாங்கினால் தப்பித்தார். அந்த வீச்சைத் தருவது வேகமான நார்கள். வயது ஏறும்போது முதலில் சுருங்குவதும் அவைதான். கிழவர் விழுவதற்குப் பார்வைக் குறைவு, தலைசுற்றல், மாத்திரை எனப் பல காரணம் இருக்கலாம். ஆனால் தடுக்கிய அத்தனை பேரும் விழுவதில்லை. விழுந்தவருக்கும் சமாளித்தவருக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் தொடையில் இருக்கிறது.

உள்ளே நடப்பது இதைவிட விசித்திரம். அறுபதைத் தாண்டும்போது முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்குகின்றன. ஒன்று செத்தால் அதன் பொறுப்பில் இருந்த நார்கள் அனாதையாகிவிடும். அப்போது பக்கத்து நரம்பணு ஒரு கிளை விட்டு அவற்றைத் தத்து எடுத்துக்கொள்கிறது. எடுத்தவர் மெதுவான வகை என்றால், வேகமாக இருந்த பிள்ளைகளும் மெதுவாகிவிடும். தத்தெடுக்க ஆள் கிடைக்காத நார்கள் கரைந்துபோகும். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்குப் பின் வேகம் கூடும். இதற்கு சார்கோபீனியா என்று 1989இல் இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தார். அதுவரை வெறும் "வயசாயிடுச்சு"தான்.

பெயர் வைத்த மறு வருடமே அதற்குப் பதிலும் வந்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் இருந்த பத்துப் பேரை மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பயிற்சிக்கு அழைத்தார். வயது 86 முதல் 96 வரை. கையை மெல்ல ஆட்டும் நாற்காலி உடற்பயிற்சி அல்ல இது. ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 80 சதவீதத்தைக் காலால் தூக்க வைத்தார். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் குறுக்களவு 9 சதவீதம் வளர்ந்தது, இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். தசை வளர்ந்தது கொஞ்சம், பலம் கூடியது ஏராளம். மிச்சம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நரம்பிலிருந்து. பல ஆண்டுகளாக அழைக்கப்படாத கூட்டங்களை மூளை மறுபடி அழைக்கக் கற்றுக்கொண்டது. தொண்ணூறு வயதில்! 1994இல் அதே மருத்துவர் நூறு பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தார். அதில் ஒரு பிரிவினருக்கு எடைப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும். அவர்களுடைய பலவீனம் குறையவில்லை. டப்பாவில் வரும் மாவை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

கனமான சுமை என்றதும் ஜிம், கண்ணாடிச் சுவர், புஜம் பெருத்த பையன்கள் என்று மனம் போகிறது. தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். புறநகர்ச் சென்னைக்காரருக்கு இளவட்டக்கல் வீட்டு வாசலுக்கே வருகிறது: 20 லிட்டர் தண்ணி கேன். கேன்காரப் பையன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். அதை உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டில் கவிழ்க்க வேண்டும். இருபது கிலோவுக்குச் சற்று மேல். குனியும்போது முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கேனைப் பாதங்களுக்கு நடுவில் வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, கழுத்துப் பிடியையும் அடிப்பாகத்தையும் பிடித்து, தரையைக் கால்களால் அழுத்தி எழுந்தால் பிட்டம், தொடை, முதுகின் நெட்டுத் தசைகள், முன்கை எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். ஜிம்மில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் டெட்லிஃப்ட் இதுவே. இப்போது கேன் வாயில் சொருகும் பேட்டரி பம்பு வந்துவிட்டது. வசதிதான். நம் வீட்டில் மிச்சமிருந்த ஒரே கனமான வேலையையும் அது வாங்கிக்கொண்டது.

பிடியின் பலம் சின்ன விஷயமல்ல. சென்னையும் ஒரு மையமாக இருந்த 17 நாட்டு ஆய்வு ஒன்று, சுமார் 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து 2015இல் முடிவு சொன்னது: பிடி 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். கையை மட்டும் அழுத்திப் பழகினால் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பின் மொத்தத் தசைக் கையிருப்புக்குக் கைப்பிடி ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி தரையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்கள் அதைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பழைய டிரங்க் ரோட்டில் செடி, புறா, பழைய கம்ப்யூட்டர் பாகம், பாத்திரம், காய் என்று தார்ப்பாய் விரித்த கடைகள். தார்ப்பாய்க்குப் பின்னால் சம்மணம் போட்டிருக்கும் அறுபது வயது அம்மா சில்லறை எடுக்க எழுகிறார், மூட்டையை நகர்த்தி மறுபடி உட்காருகிறார், எழுகிறார். கை தரையில் படுவதில்லை. வாங்க வந்த நாற்பது வயதுக்காரர் கத்தரிக்காய் பொறுக்கக் குந்திவிட்டு, முழங்காலில் கை ஊன்றி, "அம்மாடி" என்று எழுகிறார். பிரேசிலின் கிளாடியோ அரௌஜோ இதற்கு மதிப்பெண் போட்டார். உட்கார 5, எழ 5. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும், தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2,002 பேரைப் பின்தொடர்ந்ததில், மதிப்பெண் கூடியவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். 2022இல் அதே குழு ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னது. நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த ஏழாண்டில் இறக்கும் அபாயம், மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், 84 சதவீதம் கூடுதல்.

நமக்கு இந்தப் பரீட்சைகள் வாழ்க்கையோடு வந்தவை. பந்தியில் தரையில் உட்கார்ந்தோம், குந்தும் கழிப்பறை இருந்தது, நின்றுகொண்டே ஒரு காலைத் தூக்கிச் செருப்பை மாட்டினோம். மேசை, நாற்காலி, மேற்கத்திய கழிப்பறை ஒவ்வொன்றாக வர, நாளுக்குப் பத்து முறை நடந்துகொண்டிருந்த பயிற்சி சத்தமில்லாமல் போய்விட்டது. முழங்கால் தேய்ந்தவரைத் தரையில் உட்காரச் சொல்வது கொடுமை. அவருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதே தொடக்கம், வலி இருந்தால் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுவிட்டு. இதய நோய் உள்ளவர்களுக்கும் இதே வார்த்தை.

விட்டது போய்விட்டதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1966இல் டாலஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். தொப்பை போட்டு, ஐம்பது வயதாகியிருந்தார்கள். ஆனாலும் அவர்களில் ஒருவருடைய திறனும் அந்தப் படுக்கை வாரங்களின் முடிவில் இருந்ததை விட மோசமாக இல்லை. மூன்று வாரப் படுக்கை முப்பது ஆண்டு மூப்பை விட அதிகம் பறித்திருக்கிறது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், முப்பதாண்டில் இழந்த திறனைத் திரும்பப் பெற்றார்கள். வயதின் கணக்கில் நாம் எழுதிவைப்பதில் எவ்வளவு உண்மையில் நாற்காலியின் கணக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாட்டியை "அசையாம படுத்திரு" என்று அன்பாகக் கட்டளையிடும் உறவினர்களும் யோசிக்கலாம்.

சரி, பட்டியல் எழுதியாயிற்று: எண்பதில் கேன் தூக்க வேண்டும், பேரக்குழந்தையைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும், திரிசூலம் கோயிலுக்கு நடந்து போய் வர வேண்டும், மேம்பாலப் படி ஏறி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். திறன் பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறையும் என்பதால் ஐம்பதில் அதைவிடக் கூடுதலாகச் செய்ய முடிய வேண்டும். எண்பதில் இருபது கிலோ என்றால் இன்று முப்பதோ முப்பத்தைந்தோ. அங்கிருந்து பயிற்சி தானாக உருவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குச் சுமை, 65ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. தண்டாலும் பஸ்கியும் தெரிந்தவர்களுக்கு டம்பெல் இல்லாமலே பாதி ஓடிவிடும்.

தெரிந்தும் செய்யாமல் போவதுதான் வழக்கம். பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்து 2002இல் வெளியான ஒரு சோதனை இங்கே பொருந்தும். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு அதோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நன்மையை மட்டும் கேட்டவர்களில் அந்த வாரம் செய்தவர்கள் 35 சதவீதம், எதுவும் சொல்லப்படாதவர்களிலும் 38. எழுதிக் கொடுத்தவர்களில் 91. இளைஞர்கள், சில வாரம்தான் என்பதால் இதை முழுசாக நம்பி ஆடக் கூடாது. ஆனாலும் அறிவுரை கேட்டவரும் கேட்காதவரும் ஒரே இடத்தில் நின்றது, கட்டுரை எழுதுகிறவனுக்குச் சுருக்கென்றது.

இடம் என்ற கேள்விக்குச் சென்னையே ஒரு பதில் வைத்திருக்கிறது. திருமங்கலம் ஆசியாட் காலனியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை நோய் ஆய்வுக்குப் போனார்கள். நடக்க இடமில்லை என்று பேச்சு வந்தபோது, குடியிருப்போர் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து ஏழாண்டில் 58.7 சதவீதம் ஆனார்கள். பத்தாண்டில் இந்த நடுத்தர வருமானப் பகுதியில் சர்க்கரை நோய் 12.4லிருந்து 15.4 சதவீதமாகத்தான் ஏறியது. அதே ஆய்வில் இருந்த ஏழைக் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3க்குத் தாவியது. வித்தியாசம் பூங்காவால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பத்தாண்டில் ஏழைகளின் தட்டும் வேலையும் மாறின. ஆனால் எங்கே, எப்போது என்று எழுதச் சொல்வதற்கு முன் அந்த "எங்கே"வை ஊர் தர வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. இருட்டு பிரியாத ஐந்தரை மணிக்கு, குண்டும் குழியுமான தெருவில், நாய்களுக்கு நடுவே ஒரு பெண் எங்கே நடப்பாள்?

பாஸ்டன் முதியவர்களைப் பற்றி ஒன்று பாக்கி. எட்டு வாரம் முடிந்து பயிற்சியை நிறுத்தியதும், நான்கே வாரத்தில் உச்ச பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. ஐப்பசி மழையோ ஊர்த் திருவிழாவோ வந்து இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், விட்ட எடையிலேயே தொடங்காமல் பாதிச் சுமையில் ஆரம்பித்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றிப் பழைய இடத்துக்கு வருவது நல்லது. நரம்பு முதலில் திரும்பிவிடும். தசைநாணும் மூட்டும் சற்று மெதுவாகத்தான் வரும்.